பிஸ்கட் பேணிக்குள் ஒரு கிரெட்ஸ்கி: ஓரத்தை வெட்டலாமா?

கீழ்வீட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. திறந்தால் ஆட்டக்காரர் படம் போட்ட ஹாக்கி அட்டைகள், நூற்று நாற்பது சொச்சம். றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அது உருகி மேல் அட்டையில் மண்புழு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. மேலே யாரோ ஒரு கோல்கீப்பர். அவரைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் ஏழாவதோ எட்டாவதோ ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி. நீலக் கரை, எட்மன்டன் ஆயிலர்ஸ். பின்பக்கம் 18 என்று எண். எழுத்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது.

ஒரு மூலை மடிந்திருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை ஓரங்கள்தான். நாலு பக்கமும் பிசிறு, எலி கொறித்தது போல. என் அத்தான் அச்சகத்தில் வேலை செய்கிறவர். "கட்டரில் வைத்து அரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டால் புதிசு மாதிரி வரும், பிறகு விற்கலாம்" என்கிறார். சனிக்கிழமை வருகிறார். சரியா?

பழையபெட்டி:
தம்பி, முதலில் அத்தானின் கட்டரை ஒளித்து வை. மற்றதைப் பிறகு கதைப்போம்.

பழையபெட்டி:
இப்போது கொஞ்சம் நேரம் கிடைத்தது, விவரமாக எழுதுகிறேன்.

உன்னிடம் இருப்பது 1979-80 ஓ-பீ-சீ தொகுதியின் 18ஆம் அட்டை. கிரெட்ஸ்கியின் ரூக்கி அட்டை. ஓ-பீ-சீ என்பது ஒன்டாரியோ மாகாணத்து லண்டனில் 1911இல் தொடங்கிய சூயிங்கம் கம்பனி. அமெரிக்காவில் டாப்ஸ் கம்பனி போட்ட அட்டைகளை அதே வடிவத்தில் இங்கே கனடாவுக்கு இவர்கள் போட்டார்கள். டாப்ஸ் தொகுதியில் 264 அட்டைகள், ஓ-பீ-சீயில் 396. இரண்டிலும் கிரெட்ஸ்கிக்கு எண் 18தான், படமும் ஒன்றுதான். பின்னால் பிரெஞ்சும் இருந்தால் ஓ-பீ-சீ. ஆட்கள் தேடுவது இதைத்தான்.

ஓரப் பிசிறைப் பற்றி. ஓ-பீ-சீ தாள்களைக் கத்தியால் இல்லாமல் கம்பியால் அறுத்தார்கள் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து ஓ-பீ-சீ அட்டை எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு பக்கமாவது நார் நாராக இருக்கும். பாண் வெட்டும் கத்தியால் கார்ட்போர்டை வெட்டியது போல. அது குறை இல்லை, பிறவிக் குணம். அட்டையின் நிலையைப் பார்த்துக் கிரேடு, அதாவது மதிப்பெண், போடும் கம்பனிக்காரன் அதற்காக மதிப்பெண்ணைப் பெரிதாகக் குறைக்க மாட்டான். ஆனால் நாலு பக்கமும் சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தால் உடனே ஸ்கேலை எடுப்பான். இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஒரு மயிரிழை குறைந்தாலும் "வெட்டப்பட்டது" என்று எழுதி எண் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவான். பிறகு அது வெறும் படம்.

அத்தான் செய்ய நினைப்பது நல்ல அட்டையைக் கொல்லும் வேலை.

மேலமாசிவீதி:
நான் மதுரை. முதல் பதிவில் ஹாக்கி என்று பார்த்துவிட்டு தன்ராஜ் பிள்ளை ஆட்களாக இருப்பீர்கள் என்று உள்ளே வந்தேன். இது பனிச்சறுக்கு ஹாக்கியா? சரி, வந்தது வந்துவிட்டேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? ரூக்கி அட்டை என்றால் என்ன? அதற்கு மட்டும் ஏன் இந்த விலை?

பழையபெட்டி:
வாங்கோ. ஒரு ஆட்டக்காரர் பெரிய லீக்கில் ஏறியதும் அவருக்கு முதன்முதலாக வரும் அட்டை அது. அந்த நேரத்தில் அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் பத்திரப்படுத்தவில்லை. பொடியன்கள் சைக்கிள் கம்பியில் செருகி டரடரவென்று ஓட்டினார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள், அம்மாமார் தூக்கி வீசினார்கள். அவர் பெரிய ஆளான பிறகு எல்லாருக்கும் அது வேண்டும். இந்த அட்டைக்கு இன்னொரு கஷ்டம், அந்த நீலக் கரை. கொஞ்சம் உரசினால் நீலம் உதிர்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும். நல்ல நிலையில் இருப்பது குறைவு.

2020 டிசம்பரில், பி.எஸ்.ஏ. என்ற கிரேடு கம்பனியிடம் உச்ச மதிப்பெண்ணான 10 வாங்கிய ஒன்று ஏலத்தில் 12.9 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. ஹாக்கி அட்டை ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த மே மாதம் ஒரு தனிப்பட்ட விற்பனையில் 37.5 லட்சம். தம்பி, கனவு காணாதே. அந்த மதிப்பெண் வாங்கியவை அப்போது உலகத்திலேயே இரண்டுதான். மூலை மடிந்தது வேறு கணக்கு.

ஒட்டாவா மாமி:
இரண்டு பிள்ளைகளை விடிய நாலரைக்கு அரினாவுக்கு ஏற்றி இறக்கி வளர்த்தவள் நான். ஆட்டம் பார்க்கத் தெரியும், அட்டை தெரியாது. ஆனால் ஒரு கேள்வி. கிரெட்ஸ்கி 1979-80இல் ரூக்கியே இல்லை என்றுதானே லீக் சொன்னது? பிறகு எப்படி இது ரூக்கி அட்டை?

நீலக்கோடு:
மாமி நெருப்பைப் பற்றவைத்துவிட்டார். இதற்காகவே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கதை இப்படி. 1978இல் கிரெட்ஸ்கிக்கு வயது 17. வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அந்த வயதில் எடுக்காது. போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. எடுத்தது. இண்டியானாபொலிஸ் ரேசர்ஸ் முதலாளி நெல்சன் ஸ்கால்பேனியா ஒப்பந்தம் போட்டார். 8 ஆட்டம், 3 கோல். அதற்குள் ஸ்கால்பேனியாவிடம் காசு முடிந்தது. எட்மன்டன் முதலாளி பீட்டர் பொக்லிங்டனுக்குப் பொடியனை விற்றுவிட்டார். அங்கே 72 ஆட்டம், 43 கோல். மொத்தம் 80 ஆட்டத்தில் 110 புள்ளி (கோல் போட்டால் ஒன்று, கோலுக்குப் பந்தைக் கொடுத்து உதவும் அசிஸ்டுக்கு ஒன்று). டபிள்யூ.எச்.ஏ.யின் சிறந்த புதுமுகம். 1979 ஜனவரி 26, பதினெட்டாவது பிறந்தநாளன்று ஆடுகளத்தின் நடுவில் வைத்து 21 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1999 வரை!

அந்தக் கோடையில் டபிள்யூ.எச்.ஏ. மூடப்பட்டது. எட்மன்டன், வினிபெக், கியூபெக், ஹார்ட்ஃபர்ட் ஆகிய நாலு அணிகளையும் என்.எச்.எல். உள்ளே எடுத்தது. உள்ளே வந்த முதல் வருடமே கிரெட்ஸ்கி 51 கோல், 86 அசிஸ்ட், 137 புள்ளி. மார்செல் டியோனும் அதே 137. டியோன் 53 கோல் போட்டிருந்ததால் அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்கு. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை கிரெட்ஸ்கிக்கு. ஆனால் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை மட்டும் கிடையாது. "நீ போன வருடமே தொழில்முறையில் ஆடியவன்" என்றார்கள். அதை ரே போர்க் வாங்கினார். போர்க் மகா ஆட்டக்காரர், அவர்மேல் குறை இல்லை.

வயிறு எரிவது எங்கே தெரியுமா? பத்து வருடம் கழித்து 1990இல் செர்கெய் மக்காரோவுக்கு அதே கால்டர் கொடுத்தார்கள். வயது 31. சோவியத் இராணுவ அணியில் பத்து வருடத்துக்கு மேல் ஆடி உலகப் பட்டங்கள் வாங்கிக் குவித்தவர் புதுமுகமாம்! ஊர் சிரித்த பிறகுதான் 26 வயது வரம்பு வைத்தார்கள்.

பழையபெட்டி:
நீலக்கோடு சொன்னதெல்லாம் சரி. ஆனால் அட்டைக்காரன் கணக்கு வேறு. லீக் யாருக்குக் கோப்பை கொடுக்கிறது என்பது எங்களுக்குத் தேவையில்லை. முழுத் தொகுதியில் முதல் அட்டை எது, அவ்வளவுதான். மாமி கேட்டதற்குச் சுருக்கமான பதில்: மனிதன் ரூக்கி இல்லை, அட்டை ரூக்கி.

கீழ்வீட்டுக்காரன்:
அண்ணை, அத்தானை நிறுத்திவிட்டேன். அவருக்கு முகம் சரியில்லை. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? இணையத்தில் போலி நிறைய என்று போட்டிருக்கிறார்கள்.

பழையபெட்டி:
நிறைய அல்ல, ஏராளம். எண்பதுகளிலேயே போலி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நானே ஒன்று வாங்கியவன். பல வருடங்களுக்கு முன் ஒரு அட்டைக் கண்காட்சியில், மேசைக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காட்டினார், நானும் உறையைத் திறக்காமலே காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரம் வழவழ. பெயர் எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன், எழுத்துக்குள்ளேயே வண்ணப் புள்ளிகள். அடுத்த நாள் போனால் மேசை காலி.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. பேணியில் அதே தொகுதியில் வேறு அட்டைகள் இருக்கும். ஒரு பெயர் தெரியாத ஆட்டக்காரரின் அட்டையை எடுத்து கிரெட்ஸ்கிக்குப் பக்கத்தில் வை. சில்லறை ஆட்டக்காரருக்கு எவனும் போலி அடிக்க மாட்டான், அதனால் அதுதான் உன் அளவுகோல். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று எடு, சின்னக் காசுதான். படத்தில் நிறங்கள் புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும், அது சரி. கறுப்பு எழுத்தும் மெல்லிய கோடுகளும் ஒரே மையில் கெட்டியாக, கூர்மையாக இருக்க வேண்டும். போலி என்பது அசல் அட்டையைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்தது. அதனால் எழுத்தும் புள்ளியாக உடையும், கோட்டு விளிம்பு கலங்கும். பிறகு இரண்டையும் கையில் பிடித்துத் தடிப்பைப் பார். பின்பக்கத்துக் காகித நிறத்தைப் பார். விரல் பொய் சொல்லாது.

கை கழுவிக் காய வைத்துவிட்டுத் தொடு. ஈரக் கையால் எடுத்தால் அந்தக் காகிதம் உடனே உறிஞ்சும்.

கீழ்வீட்டுக்காரன்:
பார்த்தேன். இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது. எழுத்து கெட்டி. பின்பக்கமும் அதே பழுப்பு. கிரெட்ஸ்கியின் இடது ஓரத்தில் இரண்டு நார் நீட்டிக்கொண்டு நிற்கிறது, மற்றதிலும் அதே மாதிரி. அத்தானின் கட்டர் இந்த நாரைத்தான் எடுத்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்று. அதே பேணியில் வெள்ளைத் தலையோடு ஒரு வயதான மனிதர் அட்டை இருக்கிறது. கோர்டி ஹோவ், ஹார்ட்ஃபர்ட், எண் 175. பயிற்சியாளரா?

நீலக்கோடு:
பயிற்சியாளரா?! தம்பி, எழுந்து நின்று வாசி.

அந்த சீசன் தொடங்கும்போது ஹோவுக்கு 51 வயது. 80 ஆட்டத்தில் ஒன்றுகூட விடாமல் ஆடினார், 15 கோல் போட்டார். அதோடு ஓய்வு. முதல் என்.எச்.எல். ஆட்டம் 1946இல். பிள்ளைகள் மார்க், மார்ட்டி இருவரும் அதே அணியில்.

கிரெட்ஸ்கியின் சட்டைக்கு 99 என்ற எண் ஏன் வந்தது? ஹோவின் எண் 9. சூ செயின்ட் மேரியில் ஜூனியர் ஆடப் போனபோது 9 ஏற்கெனவே வேறொரு பொடியனிடம் இருந்தது. ஒன்பதை இரண்டாகப் போடு என்று பயிற்சியாளர் சொன்னார். 1972இல் ஊர் விருந்து ஒன்றில் பதினொரு வயதுக் கிரெட்ஸ்கியின் கழுத்தில் ஹோவ் ஸ்டிக்கைக் கொக்கி போட்டு இழுக்கும் படம் இருக்கிறதே, கனடாவில் பழைய சலூன் சுவர்களில்கூடப் பார்த்திருப்பாய். 1979 ஜனவரியில் டைனமோ மாஸ்கோவுக்கு எதிராக டபிள்யூ.எச்.ஏ. நட்சத்திர அணியில் இருவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். 1980 பெப்ரவரியில் டெட்ராய்ட்டில் என்.எச்.எல். நட்சத்திர ஆட்டம். ஒரு பக்கம் 51 வயது ஹோவ், எதிர்ப்பக்கம் 19 வயதுக் கிரெட்ஸ்கி.

உன் பேணியில் வருபவனும் போகிறவரும் ஒரே றப்பர் பாண்டுக்குள் கிடந்திருக்கிறார்கள். பிறகு ஹோவின் 1,850 புள்ளியை 1989இல் கிரெட்ஸ்கி தாண்டினார். 801 கோலை 1994 மார்ச்சில் தாண்டினார். கடைசியில் 894.

மேலமாசிவீதி:
894ஐ இப்போது யாரோ முறியடித்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேனே?

நீலக்கோடு:
ஆமாம், அலெக்ஸ் ஒவெச்கின், 2025 ஏப்ரல் 6, 895ஆவது. கிரெட்ஸ்கி நேரில் வந்து உட்கார்ந்து பார்த்துக் கைகொடுத்தார். கோல் சாதனை போகும் என்று எனக்கு முன்பே தோன்றியது. அசிஸ்ட் 1,963 இருக்கிறதே, அதுதான் கிட்டே போக முடியாதது. கிரெட்ஸ்கி ஒரு கோல்கூடப் போடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மொத்தப் புள்ளியில் இன்றைக்கும் அவர்தான் முதல். இரண்டாவதாக உள்ள யாகரின் மொத்தமே 1,921. உருவம் பெரிதில்லை, வேகமும் அப்படி ஒன்றுமில்லை. எதிரியின் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தடுப்பவன் இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம், வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். அந்த இடத்துக்கே "கிரெட்ஸ்கியின் ஆபீஸ்" என்று பெயர்.

ஒட்டாவா மாமி:
1988 ஓகஸ்ட் 9 பற்றி யாரும் பேசவில்லையே. நாலு ஸ்டான்லி கப் எடுத்துக் கொடுத்தவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் சில ஆட்டக்காரர்களுக்கும் மாற்றினார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழும்பி, அரசாங்கம் இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிது. டிவியில் கிரெட்ஸ்கி கண்ணைத் துடைக்கிறார், எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவும் துடைக்கிறார். யாரோ தலைவர் செத்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன்.

இரட்டைநீலம்:
எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குளிர் தண்ணீர் ஊற்றவா? இந்த அட்டை அபூர்வமே இல்லை. 2024 பெப்ரவரியில் சஸ்காச்சுவானில் ஒரு வீட்டில் கிடந்த பிரிக்கப்படாத பெரிய ஓ-பீ-சீ பெட்டி 37.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே, அதன் கணக்கைப் பாருங்கள். உள்ளே 16 சின்னப் பெட்டி, சின்னப் பெட்டிக்கு 48 பொட்டலம், பொட்டலத்துக்கு 14 அட்டை. மொத்தம் 10,752. அதை 396 ஆல் வகுத்தால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 27. ஒரே பெரிய பெட்டியில் 27 கிரெட்ஸ்கி! அந்த வருடம் நாடு முழுக்க எத்தனை பெட்டி போயிருக்கும்? விலை ஏறுவது மதிப்பெண்ணுக்கு, அட்டைக்கு அல்ல.

பழையபெட்டி:
இரட்டைநீலம் சொல்வதில் பாதி சரி. அட்டை அபூர்வம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் 27 இருந்தாலும் கரை நடுவாக, மூலை கூராக, நீலம் உதிராமல் எத்தனை இருக்கும்? தொழிற்சாலையிலேயே கோணலாக அறுத்தவை பாதி. பெட்டியை வாங்குகிறவன் பிரிக்காமல் வைத்திருப்பதே அதனால்தான். பிரித்தால் கனவு போய்விடும்.

மதிப்பெண் மீது இருக்கும் பைத்தியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு கதை சொல்கிறேன், அத்தானுக்கும் வாசித்துக் காட்டு.

1991இல் கிரெட்ஸ்கியும் கிங்ஸ் முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து ஒரு பேஸ்பால் அட்டை வாங்கினார்கள். சிகரெட் பெட்டியில் வந்த ஹோனஸ் வாக்னர் அட்டை, டி206 தொகுதி, 1909 காலத்தது. ஏலத்தில் 4,51,000 டாலர். பி.எஸ்.ஏ. முதன்முதலாகக் கிரேடு போட்ட அட்டையே அதுதான், 8 கொடுத்தார்கள். மூலைகள் அவ்வளவு கூர். எண்பது வருடப் பழசு எப்படி இவ்வளவு கூர் என்று சந்தேகப்பட்டவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் வேறு மோசடிகளோடு சேர்த்து, அந்த அட்டையை விற்பதற்கு முன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கிரெட்ஸ்கிக்கே வெட்டின அட்டையை விற்றுவிட்டார்கள், தம்பி. அவரது சொந்த அட்டையோ வெட்டாத பிசிறால்தான் அசல் என்று தெரிகிறது.

இரட்டைநீலம்:
இதையும் சொல்லுங்கள் அண்ணை. வெட்டினது என்று சந்தேகம் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2007இல், அந்த வாக்னர் 28 லட்சம் டாலருக்குப் போனது. வெட்டினால் வெறும் படம் என்றீர்களே?

பழையபெட்டி:
அது வாக்னர். உலகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது, புகழ் வேறு. கிரெட்ஸ்கிதான் பெட்டிக்கு 27 என்று நீரே கணக்குப் போட்டீரே. வெட்டினதை எவன் தேடுவான்?

இரட்டைநீலம்:
சரி, தோற்றேன். இந்த ஒரு தடவை.

கீழ்வீட்டுக்காரன்:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பேணியின் அடியில் ஒரு செக்லிஸ்ட் அட்டை இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயருக்கும் முன்னால் சின்னச் சதுரம். நீல மையால் டிக் போட்டிருக்கிறது. சில டிக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது, சின்னப் பிள்ளைக் கை. 18க்கு நேரே உள்ள சதுரத்தில் மட்டும் டிக் இரண்டு தடவை போட்டு, பிறகு ஒன்றைக் கீறி அழித்திருக்கிறது. இரண்டு கிடைத்து ஒன்றை மாற்றியிருப்பானோ என்று நானும் மனைவியும் ஒரு இரவு முழுக்க அதையே கதைத்தோம்.

அதற்குப் பிறகு கிரேடுக்கு அனுப்ப மனம் வரவில்லை. வீடு வாங்கித் தந்த முகவர் மூலம் பழைய சொந்தக்காரரின் மகனைத் தேடிப் பிடித்தேன். ஐம்பது வயது தாண்டியவர், வேறு மாகாணத்தில் இருக்கிறார். தொலைபேசியில் "பேணியில் பச்சை மூடியா?" என்றுதான் முதலில் கேட்டார். கீறின டிக்கைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூட முற்றத்தில் இரண்டாவது கிரெட்ஸ்கியைக் கொடுத்து அந்தக் கோல்கீப்பரை வாங்கினாராம். நல்ல பேரம் என்று நினைத்தாராம்.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். பழையபெட்டி அண்ணை சொன்ன மாதிரி கிரெட்ஸ்கியை மெல்லிய உறையில் போட்டு, பிறகு கெட்டி பிளாஸ்டிக்கில், இரண்டு கார்ட்போர்டுக்கு நடுவில். ஹோவுக்கும் அதே. கோல்கீப்பரை றப்பர் பாண்டோடு சேர்த்துத் தனியாகச் சுற்றினேன், அதைப் பிரிக்க எனக்குப் பயம்.

பழையபெட்டி:
நல்ல வேலை செய்தாய். றப்பர் பாண்டைப் பிரிக்காததும் நல்லது, இழுத்திருந்தால் மேல்தாள் உரிந்து வந்திருக்கும். காப்புறுதி போட்டு அனுப்பினாயா?

கீழ்வீட்டுக்காரன்:
போட்டேன் அண்ணை. போய்ச் சேர்ந்துவிட்டது, நேற்றுப் படம் அனுப்பியிருந்தார். அத்தான்தான் இன்னும் என்னோடு கதைக்கிறார் இல்லை.